மனம் மாறினால் நூற்றெண்பது ரூபாய்

ரயில் கட்டணம் ஏறினால் அது முதல் பக்கச் செய்தி. 2025 ஜூலை 1 அன்று ஏசி வகுப்புகளுக்குக் கிலோமீட்டருக்கு 2 பைசாவும், ஏசி இல்லாத மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு 1 பைசாவும் ஏறியபோது எல்லாச் சேனல்களிலும் விவாதம் நடந்தது. சென்னையிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 650 கிலோமீட்டர். ஏசியில் போகிறவருக்கு 13 ரூபாய் கூடியது. அவரே அந்த டிக்கெட்டை வெள்ளியிலிருந்து சனிக்கிழமைக்குத் தள்ள நினைத்தால் இருநூறு ரூபாய்க்கு மேல் போய்விடும். இதைப் பற்றி எந்தச் சேனலும் பேசி நான் பார்த்ததில்லை. பயணம் போகிற செலவைவிட, போட்ட திட்டத்தை மாற்றுகிற செலவுதான் இந்தப் பத்து ஆண்டுகளில் வேகமாக வளர்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். அதைப் பற்றி அவ்வப்போது எழுதி வைத்தவை இவை.

*

2015 நவம்பர் 12. ரத்துக் கட்டணம் ஒரே நாளில் இரட்டிப்பான தேதி. ஸ்லீப்பர் 60-லிருந்து 120. மூன்றாம் வகுப்பு ஏசி 90-லிருந்து 180. இரண்டாம் ஏசி 100-லிருந்து 200. முதல் ஏசி 120-லிருந்து 240. வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே கிடந்து, பெர்த்தைக் கண்ணால்கூடப் பார்க்காத டிக்கெட்டுக்குப் பிடிக்கும் தொகை 30-லிருந்து 60. எல்லாம் ஆளுக்கு இவ்வளவு என்று. டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று இல்லை.

வண்டி கிளம்ப 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தால்தான் இந்தத் தொகையோடு போகும். 48-க்கும் 12-க்கும் நடுவில் என்றால் கட்டணத்தில் கால் பங்கு. 12-க்கும் 4-க்கும் நடுவில் பாதி. 4 மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் ஒன்றும் திரும்பாது.

தொகை இரட்டிப்பானது எல்லோர் கண்ணிலும் பட்டது. நேரக் கணக்கு சுருங்கியது அவ்வளவாகப் படவில்லை. அதற்கு முந்தைய விதியில் வண்டி கிளம்பி இரண்டு மணி நேரம்வரைகூடப் பாதிப் பணம் வாங்கலாம். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் டயர் பஞ்சரானவருக்கு அது ஒரு ஆறுதல். 2015-க்குப் பிறகு அவருக்கு ஒரு பைசா கிடையாது.

*

கணக்கு எளிதாக இருக்க ஆளுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் குடும்பம், மூன்றாம் ஏசி. ஒரு வாரம் முன்னால் ரத்து செய்தால் 720 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 36, ஆக 756. முந்தின நாள் காலையில் செய்தால் 1,050. புறப்படும் நாளில் ஆறு மணி நேரம் முன்னால் என்றால் 2,100.

ரத்துக் கட்டணத்துக்கு எதற்கு ஜிஎஸ்டி என்று கேட்பவர்களுக்காக நிதியமைச்சகம் 2022 ஆகஸ்ட்டில் ஒரு சுற்றறிக்கையில் விளக்கம் கொடுத்தது. எந்தச் சேவைக்கு எத்தனை சதவீத வரியோ, அதை ரத்து செய்யும்போது பிடிக்கும் தொகைக்கும் அதே சதவீதமாம். ஏசிக்கும் முதல் வகுப்புக்கும் 5 சதவீதம். ஸ்லீப்பருக்கு இல்லை. போன பயணத்துக்கு வரி கட்டுவது புரிகிறது. போகாத பயணத்துக்கும் வரி கட்டச் சொல்வதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

*

புறநகர் ஸ்டேஷன் ஒன்றின் ரிசர்வேஷன் கவுன்ட்டர். மத்தியான நேரம், வரிசையில் ஏழெட்டுப் பேர். எனக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் பிரின்ட் அவுட். மகளுக்குப் பரீட்சை ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது, அதனால் டிக்கெட்டையும் ஒரு நாள் தள்ள வேண்டும்.

"சார், இது நெட்ல எடுத்தது. இங்க மாத்த முடியாது."

"நெட்ல பார்த்தேன் மேடம். அதுல கேன்சல்தான் இருக்கு. மாத்துறதுக்கு இல்லையே."

"ஆமா சார், கேன்சல் பண்ணிட்டுப் புதுசா போடணும்."

"அப்ப நான் இங்கயே எடுத்திருந்தா மாத்தியிருப்பீங்களா?"

"மாத்தியிருப்போம் சார்."

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் சொன்னது முழு உண்மை. கவுன்ட்டரில் எடுத்த டிக்கெட்டை, வண்டி கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன்னால் கொண்டுவந்து கொடுத்தால், ஒரு முறை தேதியை முன்னேயோ பின்னேயோ மாற்றிக்கொள்ளலாம். இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரத்துக் கட்டணம் கிடையாது. மேல் வகுப்புக்கும் மாறலாம், வித்தியாசத்தைக் கட்டினால் போதும். தட்கலுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. ஆண்டாண்டாக இருந்துவரும் விதி இது.

ஆனால் இன்று பத்தில் எட்டு டிக்கெட்டுக்கு மேல் இணையத்தில்தான் எடுக்கப்படுகிறது. விதியை ரத்து செய்ய வேண்டிய தேவையே வரவில்லை. மக்களைக் கவுன்ட்டரிலிருந்து இணையத்துக்கு நகர்த்தியதும் விதி தானாகவே செயலிழந்துவிட்டது. இப்படித்தான் பல உரிமைகள் நம் நாட்டில் காணாமல் போகின்றன. யாரும் கையெழுத்துப் போட்டு நீக்குவதில்லை.

அந்த மனிதர் பிரின்ட் அவுட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "கூட்டமா இருக்குன்னுதான் நெட்ல போட்டேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

*

இணையத்தில் 'மாற்றுவது' என்பது இரண்டு வேலை. ஒன்றை ரத்து செய்வது, இன்னொன்றைப் புதிதாக எடுப்பது. இரண்டிலும் பணம் போகும். மூன்றாம் ஏசியில் ஒரு ஆள் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளினால் ரத்துக்கு 189 ரூபாய். புது டிக்கெட்டுக்குச் சேவைக் கட்டணம் வரியோடு 35 ரூபாய் 40 பைசா. யுபிஐயில் கட்டினால் 23 ரூபாய் 60 பைசா. பழைய டிக்கெட்டுக்கு ஏற்கெனவே கட்டிய சேவைக் கட்டணம் திரும்பாது. ஏசி இல்லாத வகுப்புக்கு இது 17.70, யுபிஐ என்றால் 11.80.

இந்தச் சேவைக் கட்டணத்துக்கு ஒரு கதை உண்டு. 2016 நவம்பரில் ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்றபோது, மக்களை டிஜிட்டலுக்குப் பழக்குவதற்காக இதை நீக்கினார்கள். பழகியதும், 2019 செப்டம்பர் 1 முதல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

*

ரூபாய்க் கணக்கு போகட்டும். பெரிய இழப்பு வரிசையில் பிடித்த இடம். அறுபது நாள் முன்னால், காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து நெல்லை எக்ஸ்பிரஸில் லோயர் பெர்த் வாங்கியவர், ஒரு நாள் தள்ளுவதற்காக அதை விடுகிறார். அடுத்த நாள் வண்டியில் அவருக்குக் கிடைப்பது வெயிட்டிங் லிஸ்ட் எண்பதோ நூற்றிருபதோ. முன்கூட்டித் திட்டமிட்டதற்கான பலன் முழுவதும் ஒரு க்ளிக்கில் போய்விடுகிறது. பிறகு தட்கல்தான் வழி. மூன்றாம் ஏசிக்குத் தட்கல் கூடுதல் 300 முதல் 400 ரூபாய், ஸ்லீப்பருக்கு 100 முதல் 200. காலை பத்து மணிக்கு ஏசி, பதினொன்றுக்கு ஸ்லீப்பர். 2025 ஜூலையிலிருந்து ஆதார் இணைத்த கணக்குதான் வேண்டும். எல்லாம் செய்து உறுதியான தட்கல் கிடைத்த பிறகு திட்டம் மறுபடி மாறினால் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது.

*

ராஜதானி, துரந்தோ, சதாப்தி வண்டிகளில் இன்னொரு சங்கதி. 2016 செப்டம்பர் 9 முதல் அவற்றில் ஒவ்வொரு பத்து சதவீத இடம் விற்றுத் தீரும்போதும் அடிப்படைக் கட்டணம் பத்து சதவீதம் ஏறும். ஒன்றரை மடங்குவரை ஏறியது. பிற்பாடு உச்சவரம்பை 1.4 மடங்காகக் குறைத்தார்கள். சென்னை ராஜதானியில் முதல் ஆளாக டிக்கெட் எடுத்தவர் தேதியை மாற்றினால், புது தேதியில் கடைசி ஆளாகத்தான் ஏறுவார். அடிமட்ட விலையை விட்டுவிட்டு உச்ச விலையைக் கட்ட வேண்டும். ரத்துக் கட்டணம் தனி. தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஜி.டி. எக்ஸ்பிரஸிலும் இந்தத் தொல்லை இல்லை. டெல்லிக்குப் போகிறவர்களில் தேதி நிச்சயமில்லாதவர்களுக்கு அவைதான் தோது. சில மணி நேரம் கூட ஆகும், ஆகட்டும்.

*

குறைந்த தூரத்துக்கு இந்த ரத்துக் கட்டணம் ஒரு கேலிக்கூத்து. சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கு ஸ்லீப்பர் கட்டணம் நூற்றைம்பது ரூபாயை ஒட்டி, சூப்பர் ஃபாஸ்ட் என்றால் முப்பது ரூபாய் கூட. ரத்து செய்தால் 120 போகும். ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டாலும் அதேதான். அதே 120 கன்னியாகுமரியிலிருந்து ஜம்முவரை போகிறவருக்கும். தூரத்துக்கு ஏற்றாற்போல் கட்டணம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு, தூரத்துக்கு ஏற்றாற்போல் ரத்துக் கட்டணம் வாங்கத் தெரியவில்லை. அதனால் குறைந்த தூரக்காரர்கள் யாரும் ரத்து செய்வதே இல்லை. பெர்த் காலியாகவே போகும், அல்லது நடுவில் டிடிஆர் யாருக்காவது கொடுப்பார். முன்கூட்டியே திரும்பி வந்திருந்தால் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்த ஒருவர் நிம்மதியாகப் படுத்துப் போயிருப்பார்.

*

தீபாவளி நேரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இரண்டு டிக்கெட் வைத்திருப்பார்கள். வியாழக்கிழமைக்கு ஒன்று, வெள்ளிக்கிழமைக்கு ஒன்று. ஆபீஸில் லீவு எப்போது கிடைக்கும் என்று அறுபது நாள் முன்னால் யாருக்குத் தெரியும்? லீவு உறுதியானதும் ஒன்றை ரத்து செய்வார்கள். இதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. இடத்தை அடைத்துவைக்கிறார்கள் என்று. ஆனால் தேதியை மாற்றும் வழி இருந்திருந்தால் இரண்டாவது டிக்கெட்டை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். மாற்ற முடியாது என்பதால்தான் இரட்டையாக எடுக்கிறார்கள், இரட்டையாக எடுப்பதால்தான் வெயிட்டிங் லிஸ்ட் நீள்கிறது, அது நீள்வதால் இன்னும் நாலு பேர் இரட்டையாக எடுக்கிறார்கள்.

முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தபோது ரயில்வே சொன்ன காரணம் இதைத்தான் காட்டுகிறது. 61 முதல் 120 நாள் முன்னால் எடுத்த டிக்கெட்டுகளில் 21 சதவீதம்போல ரத்தாகிவிடுகின்றன, சுமார் 5 சதவீதம் பேர் ரத்தும் செய்யாமல் வரவும் வராமல் இருந்துவிடுகிறார்கள் என்றார்கள். குறைத்தது நல்லதுதான், நான் எதிர்க்கவில்லை. நான்கு மாதம் முன்னால் எவனுக்கும் எதுவும் தெரியாது. ஆனால் இரண்டு மாதம் முன்னாலும் தெரியாது.

*

ரயில்வே தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2015-க்கு முன்னால் ஏஜென்ட்டுகள் மொத்தமாக டிக்கெட்டை வளைத்துப்போட்டு, விற்காததைக் கடைசியில் சொற்பத் தொகைக்கு ரத்து செய்தார்கள். ரத்துக்கு விலை வைத்தால்தான் அந்த ஆட்டம் அடங்கும் என்றார்கள். ஓரளவு உண்மை. அப்புறம் ஈ-டிக்கெட்டில் அச்சாகி வரும் ஒரு வாசகம்: பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் ரயில்வேக்கு வசூலாகிறதாம். மிச்சத்தை நாட்டு மக்கள் சுமக்கிறார்கள் என்று நமக்கு ஞாபகப்படுத்தவே அச்சடித்த வாசகம். சாப்பிட உட்கார்ந்தவனிடம் அரிசி விலையைச் சொல்வதுபோலத்தான் இருந்தது எனக்கு.

ஆனால் ரத்தான பெர்த் சும்மா இருப்பதில்லையே. ரத்து செய்தவரிடம் 180 பிடித்தாகிவிட்டது. அந்த பெர்த் அடுத்த நிமிடமே வெயிட்டிங் லிஸ்ட்டில் முதலில் இருப்பவருக்கு, முழுக் கட்டணத்துக்குப் போகிறது. ஒரே படுக்கைக்கு ஒரே இரவில் இரண்டு வருமானம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது வந்த கணக்கு: 2017 ஜனவரியிலிருந்து 2020 ஜனவரிவரை மூன்று ஆண்டுகளில் ரத்துக் கட்டணத்தாலும், ரத்து செய்யாமல் விட்ட வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டுகளாலும் ரயில்வேக்கு வந்தது சுமார் 9,000 கோடி ரூபாய். 2021-லிருந்து 2024 ஜனவரிவரை ரத்தான வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டுகளிலிருந்து மட்டும் 1,200 கோடிக்கு மேல். வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்தவர் மனம் மாறவில்லை, தேதி மாற்றவில்லை. இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு ஆளுக்கு அறுபது ரூபாய் பிடிப்பதற்கு 'எழுத்தர் கட்டணம்' என்று பெயர். டிக்கெட்டைக் கம்ப்யூட்டர் தானாகவே ரத்து செய்கிறது. எந்த எழுத்தர் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

*

டிக்கெட் எடுக்கும்போது காப்பீடு வேண்டுமா என்று கேட்கும் ஒரு கட்டம் வரும். ஆளுக்கு 45 பைசா. விபத்தில் உயிர் போனால் பத்து லட்சம். மனம் மாறினால் 180 ரூபாய். உலகத்தில் எது மலிவு, எது கிராக்கி என்பது இப்படித்தான் தெரியவருகிறது.

இப்போது டிக்கெட் விற்கும் தனியார் செயலிகள் இதில் ஒரு வியாபாரம் கண்டுபிடித்திருக்கின்றன. கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால், ரத்து செய்யும்போது முழுப் பணமும் கொடுக்கிறோம் என்கிறார்கள். ரத்து செய்யாமல் பயணம் போய்விட்டால் அந்தக் கூடுதல் போனது போனதுதான். மாறுவதற்கான உரிமையை முதலில் பறித்தவர் ஒருவர், அதைச் சில்லறையில் விற்பவர் இன்னொருவர். விதிமுறைகளைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். எத்தனை மணி நேரம் முன்னால்வரை செல்லும் என்பதை மட்டுமாவது படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

*

மேல் வகுப்புக்குப் போவது பற்றித் தனியாக எழுத வேண்டும். ஒரு வழி இலவசம். டிக்கெட் எடுக்கும்போது 'தானாக மேல் வகுப்புக்கு மாற்றலாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டால், மேல் வகுப்பில் காலி இருக்கும்போது கம்ப்யூட்டரே தூக்கிப் போட்டுவிடும். 2006-ல் வந்த திட்டம். சார்ட் தயாரானதும் எஸ்5 என்று இருந்தவர் பி2 ஆகியிருப்பார். போர்வை, தலையணை, குளிர் எல்லாம் ஸ்லீப்பர் விலையில். ரத்து செய்தாலும் பழைய வகுப்பின் கட்டணம்தான் பிடிப்பார்கள். ரயில்வேயில் எனக்குப் பிடித்த திட்டங்களில் இது ஒன்று. ஆனால் நம் கையில் எதுவும் இல்லை, கிடைத்தால் கிடைத்ததுதான். முழங்கால் வலிக்காக லோயர் பெர்த் வாங்கிவைத்திருந்த ஒரு தாத்தாவும் பாட்டியும் மேல் வகுப்புக்குப் போய், இருவருக்கும் அப்பர் பெர்த் கிடைத்து, இரவு முழுக்க அங்கே யாரிடமாவது மாற்றிக்கொள்ளக் கெஞ்சிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். லோயர் பெர்த் அவசியமானவர்கள் அந்த டிக்கை எடுத்துவிடுவது நல்லது.

விருப்பப்பட்டு மேலே போகிற வழிதான் அடைபட்டிருக்கிறது. ஸ்லீப்பரில் எடுத்துவிட்டோம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஏசிக்கு மாற்றலாம் என்றால் இணையத்தில் வித்தியாசத்தைக் கட்டும் வசதி இல்லை. ஸ்லீப்பரை 120 கொடுத்து ரத்து செய்துவிட்டு, ஏசியில் இருக்கிற இடத்தை எடுக்க வேண்டும். கூடுதலாகப் பணம் கட்டத் தயாராக வருகிறவரிடம் அபராதம் வாங்குகிற ஒரே வியாபாரம் இதுவாகத்தான் இருக்கும்.

வண்டியில் ஏறியபிறகு கதை வேறு. டிடிஆரிடம் "ஏசியில ஏதாவது காலி இருக்கா சார்?" என்று கேட்டு, இருந்தால் வித்தியாசத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போய்ப் படுக்கலாம். அவர் கையில் இருக்கும் கருவியிலேயே காலி இடம் தெரியும். ஓடும் ரயிலில் ஒரு மனிதர் இரண்டு நிமிடத்தில் செய்துகொடுப்பதை, இவ்வளவு பெரிய இணையதளம் இரண்டு மாதத்திலும் செய்வதில்லை.

*

வண்டி மாற்றுவதற்கு 'விகல்ப்' என்று ஒன்று. 2015 நவம்பரில் டெல்லி–லக்னோ, டெல்லி–ஜம்மு தடங்களில் ஆரம்பித்துப் பிறகு நாடு முழுக்க வந்தது. வெயிட்டிங் லிஸ்ட்காரர் ஏழு வண்டிவரை குறித்துக் கொடுக்கலாம். ஏதாவது ஒன்றில் இடம் இருந்தால் மாற்றிவிடுவார்கள்; கூடுதல் கேட்க மாட்டார்கள், குறைவு என்றால் திருப்பித் தரவும் மாட்டார்கள். சிக்கல் என்னவென்றால், மாற்றுவண்டி அரை மணி நேரம் கழித்தும் இருக்கலாம், 72 மணி நேரம் கழித்தும் இருக்கலாம், பக்கத்து ஸ்டேஷனிலிருந்தும் கிளம்பலாம். அது நமக்கு ஒத்துவராது என்று ரத்து செய்தால், இப்போது நீங்கள் உறுதியான டிக்கெட்காரர். அதற்குரிய கட்டணம் பிடிப்பார்கள். அறுபதோடு போயிருக்க வேண்டியது கால் பங்கோ பாதியோ ஆகிவிடும். குறிக்கும்போது பார்த்துக் குறியுங்கள்.

*

இலவசமாக மாற்றக்கூடியவையும் உண்டு, நியாயமாக அவற்றையும் எழுதிவிடுகிறேன். ஏறும் ஸ்டேஷனை மாற்றலாம். எழும்பூரில் ஏறுவதாகப் போட்டுவிட்டுத் தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ ஏற நினைத்தால், சார்ட் போடும் முன் இணையத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். ஒரு முறைதான். மாற்றிய பிறகு பழைய ஸ்டேஷனில் ஏறும் உரிமை போய்விடும்.

பெயரையும் மாற்றலாம். வண்டி கிளம்ப 24 மணி நேரம் முன்னால், பெரிய ஸ்டேஷன்களில் ரிசர்வேஷன் மேற்பார்வையாளரிடம் அடையாள அட்டை நகலோடு எழுதிக் கொடுத்தால், உறுதியான டிக்கெட்டைக் குடும்பத்தில் இன்னொருவர் பெயருக்கு மாற்றித் தருவார்கள். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மகன், மகள், கணவன், மனைவி. அத்தை, சித்தப்பா, மச்சான், மருமகள் யாரும் ரயில்வே கணக்கில் குடும்பம் இல்லை. மாமியாருக்குப் போட்ட டிக்கெட்டில் மருமகள் போக முடியாது. ஈ-டிக்கெட்டுக்கும் இந்த வசதி உண்டு, ஆனால் நேரில்தான் போக வேண்டும். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

*

2025 ஜூலையில் தெற்கு ரயில்வேயின் எட்டு வந்தே பாரத் வண்டிகளில் ஒரு வசதி வந்தது. வழியிலுள்ள ஸ்டேஷன்களில், வண்டி கிளம்பப் பதினைந்து நிமிடம் இருக்கும்வரை டிக்கெட் எடுக்கலாம். அருமையான வசதி. காலி இருக்கை கடைசி நிமிடம்வரை விற்றுவிடுகிறது என்று இதற்கு அர்த்தம். பிறகு ஏன் ரத்து செய்வதற்கு மட்டும் நான்கு மணி நேரம் முன்னால் கதவை மூடுகிறீர்கள்? முன்பு சொன்ன காரணம், திரும்பி வந்த இடத்தை விற்க அவகாசம் வேண்டும் என்பது. பதினைந்து நிமிடத்தில் விற்கத் தெரிந்தவர்கள் அந்தக் காரணத்தை இனிச் சொல்லக் கூடாது.

*

ஜப்பானில் முன்பதிவு டிக்கெட்டை, வண்டி கிளம்பும் முன் ஒரு முறை கட்டணமின்றி வேறு வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். பிரிட்டனில் முன்கூட்டி மலிவாக எடுக்கும் டிக்கெட்டை மாற்ற, வித்தியாசத்தோடு 10 பவுண்டுவரை வாங்குகிறார்கள். அங்கேயும் பயணிகள் திட்டுகிறார்கள். ஆனால் அங்கே 'மாற்று' என்று ஒன்று இருக்கிறது. திட்டுவதற்காவது இருக்கிறது.

*

2025 அக்டோபரில் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், உறுதியான டிக்கெட்டின் தேதியை இணையத்திலேயே கட்டணமில்லாமல் மாற்றும் வசதி ஜனவரியில் வரும் என்றார். கட்டண வித்தியாசம் இருந்தால் கட்ட வேண்டும், புது தேதியில் இடம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இவை இரண்டும் நியாயமான நிபந்தனைகள்தான்.

அதே 2026 ஜனவரியில் ஹவுரா–காமாக்யா தடத்தில் முதல் வந்தே பாரத் ஸ்லீப்பர் ஓடத் தொடங்கியது. ஆர்ஏசி கிடையாது, வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது. அதற்கென்று ஒரு புது ரத்து விதி: 72 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்தாலே கால் பங்கு போகும், 72-லிருந்து 8 மணி நேரம்வரை பாதி, 8 மணி நேரத்துக்குள் எதுவும் இல்லை. 180, 200 என்று நிலையான தொகை பிடிக்கும் முறையே இதில் இல்லை. இரண்டாயிரம் ரூபாய் டிக்கெட்டை ஒரு மாதம் முன்னால் திருப்பிக் கொடுத்தாலும் ஐநூறு போகும். ஒரு கையால் தேதி மாற்றும் வசதியை அறிவித்துவிட்டு, இன்னொரு கையால் ரத்துக் கட்டணத்தை ஏற்றியிருக்கிறார்கள். புதிதாக வரும் சொகுசு வண்டிகளில் ஆரம்பிக்கும் விதி பிறகு பழைய வண்டிகளுக்கும் இறங்கி வரும் என்பது என் பயம்.

*

இணையத்தில் அந்த 'மாற்று' பொத்தான் கைக்கு வந்து சேரும்வரை, தேதி நிச்சயமில்லாதவர்கள் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றாலும் கவுன்ட்டரிலேயே டிக்கெட் எடுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் 48 மணி நேரத்துக்கு முன்னால், கவுன்ட்டர் வேலை நேரத்துக்குள், ஒரிஜினல் டிக்கெட்டோடு போங்கள். முடியாது என்று சொன்னால் மேற்பார்வையாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு முறை மாற்றித் தர வேண்டியது அவர்கள் கடமை.